இன்னும் நாலு கடப்பாரை தூரம்

கிரீஸ் நாட்டின் கிரீட் தீவில், கிழக்குக் கோடியில் ஸாக்ரோஸ் என்று ஒரு கிராமம். கப்பலில் வேலை பார்க்கும் நண்பன் தயவில் போயிருந்தேன். அங்கிருந்து கடலுக்கு இறங்கும் பள்ளத்தாக்கின் பெயர், 'இறந்தவர்களின் பள்ளத்தாக்கு'.

"வேற எடமே கிடைக்கலையாடா?"

"பயப்படாதே. செத்தவங்க எல்லாம் ரொம்ப சீனியர்!"

நிஜம்தான். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை. அதிலுள்ள குகைகளில் மினோவன் காலத்து மக்கள் இறந்தவர்களை வைத்திருக்கிறார்கள். கீழே ஆற்றோரமாக நம்மூர் அரளி, ரோஸ் கலரில். நான் தவழ்கிற பாறையில் ஆடுகள் ஓடுகின்றன. பாதி வழியில் என் முழங்கால் ராஜினாமா கடிதத்தை நீட்டியது.

"திரும்பிடலாம்டா."

"நீ எதைத்தான் முடிச்சிருக்கே?"

சுருக்கென்றது. பி.காம். முடித்து, ஆடிட்டர் ஆகிறேன் பேர்வழி என்று கிளம்பி, ஒரே ஒரு குரூப் பாக்கியில் விட்டவன் நான். அப்பா கடைசிவரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். பேசாமல் நடந்தேன்.

பள்ளத்தாக்கு முடிந்து கொஞ்ச தூரத்தில் ஓர் அரண்மனையின் இடிபாடு. கி.மு. 1450 வாக்கில் அழிந்தது. யானைத் தந்தம், செம்புக் கட்டிகள், களிமண் பலகைகள் எல்லாம் கிடைத்திருக்கின்றன. பலகையில் இருக்கும் எழுத்தை இன்றுவரை யாராலும் படிக்க முடியவில்லை. இந்த வகை எழுத்தில் பெரும்பாலும் கணக்கு வழக்குதானாம். (3,400 வருஷமாக ஆடிட் பாக்கி!)

1901-ல் ஹோகார்த் என்ற ஆங்கிலேயர் இங்கே தோண்டினார். 12 வீடுகள் கிடைத்தன. அத்தோடு மூட்டை கட்டிவிட்டார். 1961-ல் நிக்கோலாஸ் பிளாட்டோன் என்ற கிரேக்கர் மறுபடி தோண்டினார். அரண்மனை! பக்கத்திலேயேதான் இருந்திருக்கிறது.

அதைத் தாண்டினால் கூழாங்கல் கடற்கரை. சில சாப்பாட்டுக் கடைகள். சுண்டல் விற்கிற சத்தம்கூட இல்லை. முழங்காலைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

"என்னடா யோசனை?"

"ஒண்ணுமில்லே. அந்த ஹோகார்த்தோட அப்பா என்ன சொல்லியிருப்பார்னு..."

ஊர் திரும்பியதும் பரணில் ஏறித் தோண்டினேன். கரையான் பாதி தின்ற புத்தகம் கிடைத்தது. முதல் பக்கத்தில் அப்பா கையெழுத்தில் பரீட்சைத் தேதி.

"சிலபஸே மாறிப் போச்சாம். இந்த வயசுல இது எதுக்கு?" என்றாள் மனைவி.

"பக்கத்துலதான் இருக்கு" என்றேன், தூசியைத் தட்டியபடி.