நெற்களத்துக்கு எந்த கான்கிரீட்?

‘‘எங்கள் நிலத்தில் பாதி தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. மிச்சமுள்ள இரண்டு ஏக்கரில் நெல் போடுகிறோம். நான்கு மாடுகள் இருக்கின்றன. கைக்கு வந்த பணத்தில் 30 அடிக்கு 30 அடி நெற்களமும், மாட்டுக்கொட்டகைத் தரையும் போட வேண்டும். தொழிற்சாலைகளுக்குப் போடும் உயர்திறன் கான்கிரீட்டைப் போட்டால், கனத்தைக் குறைத்துச் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்கிறார்கள். உண்மையா?’’

- ஒரு வாசகர், ஒரகடம்.

தூணுக்கு அது உண்மை. களத்துக்குப் பொருந்தாது.

எம்-20 கான்கிரீட் என்றால், 28 நாள்களில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ பாரத்தைத் தாங்கும். எம்-60 என்றால் 600 கிலோ. மாடிக் கட்டடத் தூணில் பாரம் நேராக இறங்குகிறது. அங்கே எம்-25-க்குப் பதில் எம்-60 போட்டால், அதே பாரத்துக்குத் தூணின் பரப்பு ஏறத்தாழ பாதி போதும். கான்கிரீட்டின் விலையோ இரட்டிப்பாவதில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் எழும்பும் பெரிய கட்டடங்களுக்கு அந்தக் கணக்கு சரி.

களத்தின் கதை வேறு. டிராக்டர் ஏறும்போது தரை வளைந்துதான் விரிசல் விடும். நசுக்கும் பாரத்தை மூன்று மடங்கு தாங்கும் எம்-60, வளைவதைத் தாங்குவதில் எம்-20-ஐப்போல் 1.7 மடங்குதான். அதனால் 4 அங்குலக் கனத்தை 3 அங்குலமாக மட்டுமே குறைக்க முடியும்.

இனி மூட்டைக் கணக்கு. 4 அங்குலக் கனத்தில் இந்தக் களத்துக்கு 300 கன அடி, அதாவது 8.5 கனமீட்டர் கான்கிரீட் பிடிக்கும். எம்-20-க்கு கனமீட்டருக்குச் சுமார் 7 மூட்டை வீதம் 60 மூட்டை சிமென்ட் ஆகும். 3 அங்குலம் என்றால் 6.4 கனமீட்டர். ஆனால், எம்-60-க்கு சிமென்டும் சாம்பலும் சேர்த்து கனமீட்டருக்கு 9 மூட்டையாவது வேண்டும். அதுவே 57 மூட்டை. மேலே ரசாயனக் கலவைச் செலவு வேறு. மிச்சம் எங்கே?

உயர்திறன் கான்கிரீட்டிடமிருந்து விவசாயி எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் பக்குவத்தைத்தான். அதற்குச் செலவு அதிகமில்லை.

* தண்ணீர்: எம்-20 கலவைக்கு ஒரு மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் கூடாது. வாரி இழுக்கச் சுலபமாக இருக்கும் என்று கூடுதலாக ஊற்றினால், அந்தத் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் நுண்துளையாகிவிடும்.

* சிமென்ட்: அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்டே போதும். சாம்பல் நாளடைவில் நுண்துளைகளை அடைக்கும். கோமியம் ஊறும் கொட்டகைத் தரைக்கு இது முக்கியம்.

* அடித்தளம்: களிமண்ணை எடுத்துவிட்டு, அரை அடிக்குக் கிராவல் கொட்டி, நீர் விட்டுக் கெட்டிக்க வேண்டும். தரை உறுதியைப் பாதி தீர்மானிப்பது இதுதான். களத்தைப் பத்துக்குப் பத்து அடியாக ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, இடையில் இணைப்பு விடுங்கள்.

* கொட்டகை: மேற்பரப்பை வழவழப்பாகத் தேய்க்காமல், ஈரத்திலேயே துடைப்பத்தால் கோடு இழுங்கள். மாடு வழுக்காது. சிறுநீர் வாய்க்காலை நோக்கி வாட்டம் இருக்கட்டும்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால், பாசன நீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது குளோரைடு அளவையும் கேட்டு வாங்குங்கள். கம்பி போடாத தரைக்கு லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் வரையும், கம்பி போடும் தூண், உத்தரங்களுக்கு 500 மில்லிகிராம் வரையும்தான் இருக்கலாம்.

கடைசி வேலை நீராற்றுவது. பி.பி.சி. சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள். 14 நாள் என்றால் நல்லது. களத்தில் களிமண்ணால் பாத்தி கட்டி நீர் தேக்கிவிட்டால் போதும். மூன்றாம் நாளே காயவிட்ட களம், எந்தக் கான்கிரீட்டாக இருந்தாலும் புழுதி கிளம்பும். அந்தப் புழுதி நெல்லோடுதான் சேரும். வயலுக்குத் தண்ணீர் கட்டத் தெரிந்தவருக்கு இது புதிய வேலையல்ல.