திருந்திவிட்டுத்தான் வரவேண்டுமா?



"கொஞ்சம் பொறுங்கள் ஐயா. இந்தக் குடியை விட்டுவிட்டு ஆலயத்துக்கு வருகிறேன். இந்த லட்சணத்தில் எப்படி வந்து நிற்பது?"

இப்படிச் சொல்லும் ஒருவரையாவது நீங்கள் அறிந்திருப்பீர்கள். அவர் உங்கள் அண்ணனாக இருக்கலாம், கணவராக இருக்கலாம், ஏன், நீங்களாகவே இருக்கலாம். புத்தாண்டு ஆராதனையில் சபதம் செய்கிறார். சம்பள நாள் வந்ததும் சபதம் உடைகிறது. வெட்கத்தினால் அடுத்த ஞாயிறு ஆலயத்துக்கு வருவதில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வருவதில்லை. பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு மனைவி தனியாகப் போகிறாள். ஆண்டுகள் ஓடுகின்றன, திருந்தும் நாள் மட்டும் வந்தபாடில்லை.

இவர் கெட்டவர் அல்லர். தம்மைத் தாமே சுத்தம் செய்துகொண்ட பிறகே கடவுள் தம்மை ஏற்றுக்கொள்வார் என்று எண்ணுகிறார். அந்த எண்ணமே அவரைக் கடவுளிடமிருந்து தூரத்தில் நிறுத்திவிடுகிறது. இது குடிப்பவருக்கு மட்டும் வரும் நோயன்று. ஒழுக்கத்தில் சிறந்தவர்களையும் இது விடுவதில்லை.

ஜான் வெஸ்லி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1885-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் காலூன்றிய மெதடிஸ்ட் திருச்சபைக்கு மூல புருஷர் அவரே. 1703-இல் இங்கிலாந்தில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் இருந்த காலத்தில் புதன், வெள்ளிகளில் உபவாசம் இருந்தார். சிறையில் கிடந்தவர்களைத் தேடிப் போனார். கைக்காசை ஏழைகளுக்குக் கொடுத்தார். ஒரு மனிதன் தன் முயற்சியால் நல்லவனாக முடியுமானால், வெஸ்லி ஆகியிருக்க வேண்டும்.

ஆனால் அவர் உள்ளத்தில் அமைதி இல்லை. 1735-இல் அமெரிக்காவிலுள்ள ஜார்ஜியாவுக்குக் கப்பலேறினார். அங்குள்ள பூர்வ குடிகளுக்குப் போதிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. நடுக்கடலில் பெரும் புயல். பெரிய பாய் கிழிந்தது; கடல் நீர் கப்பலுக்குள் பாய்ந்தது. ஆங்கிலேயர்கள் அலறினார்கள். அதே கப்பலில் இருந்த மொரேவியக் கிறிஸ்தவர்களோ, பாடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தவே இல்லை. பயமாக இல்லையா என்று பிறகு வெஸ்லி கேட்டபோது, எங்கள் பெண்களும் பிள்ளைகளும்கூடச் சாவுக்கு அஞ்சவில்லை என்று பதில் வந்தது. வெஸ்லிக்குச் சுருக்கென்றது. இத்தனை நோன்பிருந்த தமக்கு இல்லாத தைரியம் இவர்களுக்கு எங்கிருந்து வந்தது?

ஜார்ஜியாவில் அவருக்குத் தோல்விதான். குடியேறிகளோடு பிணக்கு மூண்டு, 1738 பிப்ரவரியில் மனமொடிந்து ஊர் திரும்பினார். பிறரை மனந்திருப்பப் போன என்னை மனந்திருப்புவது யார் என்று நாட்குறிப்பில் ஏங்கினார். அவ்வாண்டு மே 24-ஆம் நாள் மாலை, விருப்பமில்லாமலே இலண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போனார். ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது வெஸ்லியின் உள்ளம் இளகியது. தம் புண்ணியத்தை அல்ல, கிறிஸ்துவை மட்டுமே நம்பினால் போதும் என்ற நிச்சயம் பிறந்தது.

அதன் பின்னும் அவருக்குச் சந்தேகங்கள் வந்ததுண்டு, நாட்குறிப்பே சாட்சி. நம் மனநிலை ஏறும், இறங்கும். அருள் அதைப் பொறுத்ததன்று.

"அப்படியானால் சும்மா இருந்துவிடலாமா?" என்று கேட்பீர்கள். பால்மரம் வெட்டியவர்களைக் கேளுங்கள். அல்லது தாத்தா பாட்டியைக் கேளுங்கள். விடியுமுன் எழுந்து போக வேண்டும். உளியைத் தீட்ட வேண்டும். மங்கை நேராக வைக்க வேண்டும். ஆனால் பாலை உண்டாக்குவது நம் கையா? பால் மரத்தில் இருக்கிறது. ஆத்திரப்பட்டு ஆழமாக வெட்டினால் பால் கூடாது. மரத்துக்குக் காயந்தான் மிஞ்சும். அருளும் இப்படித்தான். நம் முயற்சி மங்கை வைப்பது, நிரப்புகிறவர் வேறொருவர்.

வெஸ்லியும் சும்மா இருக்கவில்லை. 1739-இல் பிரிஸ்டலுக்கு அருகே வெட்டவெளியில் நின்று நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பிரசங்கம் செய்தார். கோயில் வாசலை மிதிக்கத் தங்களுக்குத் தகுதியில்லை என்றிருந்த மக்கள் அவர்கள். 1791-இல் தமது 87-ஆம் வயதில் மறையும் வரை ஓயாமல் உழைத்தார். முன்பு கடவுள் ஏற்கவேண்டுமே என்று உழைத்தவர், பின்பு அவர் ஏற்றுக்கொண்டார் என்ற மகிழ்ச்சியில் உழைத்தார். வேற்றுமை அவ்வளவே.

இயேசு சொன்ன கெட்டகுமாரன் கதையை நினைத்துப் பாருங்கள். பன்றி மேய்த்த நாற்றத்தோடு வந்த மகனைத் தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். குளித்துவிட்டு வா என்று வாசலில் நிறுத்தவில்லை.

ஆகவே, குடியோடு போராடும் சகோதரரே, இந்த ஞாயிறே வாருங்கள். தோற்ற முகத்தோடு வாருங்கள். இன்னொன்று: தனியாகப் போராடாதீர்கள். நெடுநாள் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உடம்புக்கு ஆபத்து வரக்கூடும். டாக்டரிடம் சொல்லி, அவர் யோசனைப்படி நிறுத்துங்கள். 'என்னால் முடியவில்லை, உதவுங்கள்' என்று சொல்வதில் வெட்கமில்லை. கடவுளிடமும் நாம் சொல்ல வேண்டியது அதுதான்.

சகோதரிகளே, அவர் வரும் நாளில் பழைய கணக்கை எடுக்காதீர்கள். பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு உட்காருங்கள், போதும்.