துடுப்பாட்டத்தின் மேன்மையும் சராசரிக் கணக்கும்

துடுப்பாட்ட வீரர்களின் தகுதி பற்றி எழும் விவாதம் எதுவாயினும், அது ஈற்றில் ஓர் எண்ணிலே வந்து முடிவது வழக்கமாகிவிட்டது. சங்கக்காரவுக்கு 57.40, டெண்டுல்கருக்கு 53.78, லாராவுக்கு 52.88 என டெஸ்ட் சராசரிகள் எடுத்துரைக்கப்படுகின்றன. முதல்வர் இரண்டாமவரிலும் சிறந்தவர், இரண்டாமவர் மூன்றாமவரிலும் சிறந்தவர் என்ற முடிபு அவற்றினின்றும் கணப்பொழுதிற் பெறப்படுகின்றது. மூவரின் ஆட்டத்தையும் ஒரு நாளேனும் பார்த்திராத ஒருவரும் இத்தீர்ப்பை வழங்கிவிடலாம் என்பதே இம்முறையின் கவர்ச்சி.

இவ்வெண் எவ்வாறு பிறக்கின்றது என்பதை இதனை மேற்கோள் காட்டுவோருட் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மொத்த ஓட்டங்களை ஆடிய இன்னிங்ஸ்களின் தொகையால் அன்றி, ஆட்டமிழந்த தடவைகளின் தொகையால் வகுத்தே சராசரி பெறப்படுகின்றது. இதனால் விளையும் விந்தைகள் பல. 1953 ஆம் ஆண்டு இங்கிலாந்திற் சுற்றுப்பயணஞ் செய்த அவுஸ்திரேலிய அணியின் பந்துவீச்சாளர் பில் ஜோன்ஸ்டன், அணியின் கடைசி வரிசையில் ஆடுபவர். அப்பயணத்தில் 17 இன்னிங்ஸ்களில் 16 தடவை அவர் ஆட்டமிழக்கவில்லை. பெற்றவை 102 ஓட்டங்கள், சராசரியும் 102. அணித்தலைவரும் ஏனையோரும் இவ்வேடிக்கைக்கு உடந்தையாயிருந்தனர் என்பர். 1975 ஆம் ஆண்டின் முதலாவது உலகக் கிண்ணப் போட்டியில் இங்கிலாந்து பெற்ற 334 ஓட்டங்களை எதிர்கொண்ட இந்திய அணியின் கவாஸ்கர், 60 ஓவர்களும் முடியும்வரை நின்று, 174 பந்துகளில் 36 ஓட்டங்களைப் பெற்று ஆட்டமிழக்காதிருந்தார். இந்தியா 202 ஓட்டங்களாற் தோற்றது. கணக்கேட்டிலோ அவருக்கு 36 ஓட்டங்கள் சேர்ந்தன. வகுக்கும் எண் கூடவில்லை. ஓர் அணியின் தோல்வியை உறுதிசெய்த ஆட்டம் ஒருவரின் சராசரிக்கு இலாபமாயிற்று. இவற்றுக்கெல்லாம் மேலாக, மேற்கிந்தியத் தீவுகளின் அன்டி கான்டோம் 1948 இல் ஆடிய ஒரேயொரு டெஸ்ட் இன்னிங்ஸில் 112 ஓட்டங்கள் பெற்றார். மீண்டும் ஒரு டெஸ்டிலும் அவர் சேர்க்கப்படவில்லை. சராசரியை மெய்யாகவே நம்புவோர் பிரட்மனினும் அவரே பெரியவர் என ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஒருவரும் ஒப்புவதில்லை.

இவை விதிவிலக்குகள், போதிய ஆட்டங்கள் ஆடியோருக்கு எல்லாம் ஈடாகிவிடும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். அடம் வோஜஸ் இவ்வாதத்திற்குச் சங்கடம் தருபவர். அவுஸ்திரேலியாவுக்காக 20 டெஸ்ட் போட்டிகளில் 31 இன்னிங்ஸ் ஆடி, 24 தடவை ஆட்டமிழந்து, 1485 ஓட்டங்களை 61.87 என்ற சராசரியிற் பெற்றவர் அவர். ஜோர்ஜ் ஹெட்லியின் 60.83, கிரஹம் பொலக்கின் 60.97 ஆகியன இதற்குக் கீழே நிற்கின்றன. இந்த 1485 ஓட்டங்களைப் பிரித்து நோக்குமிடத்து வேறொரு காட்சி புலப்படும். நலிந்துபோயிருந்த மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு எதிராக ஒரு தடவை மாத்திரம் ஆட்டமிழந்து அவர் பெற்றவை 542 ஓட்டங்கள். அவற்றை நீக்கின் எஞ்சுவது 23 ஆட்டமிழப்புகளுக்கு 943 ஓட்டங்கள், அதாவது 41 என்ற சராசரி. 2016 இல் வெலிங்டனில் 7 ஓட்டங்களுடன் இருந்தபோது அவரது விக்கெட் வீழ்த்தப்பட்டது. நடுவர் அப்பந்தினை முறையற்ற பந்தெனத் தவறுதலாக அறிவித்திருந்தார். அந்த இன்னிங்ஸ் 239 ஓட்டங்கள் வரை நீண்டது. வோஜஸ் நல்ல வீரர் என்பதில் ஐயமில்லை. ஆயின், அவர் ஹெட்லியிலும் பெரியவர் எனச் சொல்ல முன்வருவோர் எவருமிலர். அவ்வாறாயின் சராசரியைத் தமக்கு வேண்டியவிடத்து எடுத்தாண்டு வேண்டாதவிடத்து மறைப்பது எவ்வகை அளவீடு?

ஓட்டங்கள் யாவும் ஒரே பெறுமதியுடையன என்னும் எடுகோளே இக்கணக்கின் அடித்தளம். விக்டர் ட்ரம்பரின் சராசரி 39.04. ஆடுகளங்கள் மூடப்படாத காலத்தவர் அவர். மழையில் நனைந்து வெயிலிற் காய்ந்த களத்திலே பந்து எழும் உயரத்தை எவரும் முன்னறிய முடியாது. 1904 ஜனவரியில் மெல்பேர்ணில் அத்தகைய களத்தில் அவுஸ்திரேலியா பெற்ற 122 ஓட்டங்களில் 74 ட்ரம்பருடையவை. இதனோடு 2006 இல் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக மஹேல ஜயவர்தன பெற்ற 374 ஓட்டங்களையும், அவரும் சங்கக்காரவும் இணைந்து சேர்த்த 624 ஓட்டங்களையும் ஒப்பிடுக. பின்னவை பெருஞ்சாதனை என்பதை மறுத்தல் மடமை. ஆனால் கணக்கேட்டில் 374 என்பது 74 இன் ஐந்து மடங்கிலும் பெரிது; களத்திலும் அவ்வாறுதானா?

குசல் பெரேராவின் டெஸ்ட் சராசரி சுமார் 31. 2019 பெப்ரவரியில் டர்பனில் ஸ்டெய்னும் ரபாடாவும் பந்துவீச, 304 ஓட்டங்களை இலக்காகக் கொண்டு ஆடிய இலங்கை அணி ஒன்பதாவது விக்கெட்டை இழந்தபோது இன்னும் 78 ஓட்டங்கள் தேவைப்பட்டன. மறுமுனையில் நின்ற விஷ்வ பெர்னாண்டோ பெற்றவை 6 ஓட்டங்கள். பெரேரா 153 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காது நின்று போட்டியை வென்று கொடுத்தார். தென்னாபிரிக்காவில் டெஸ்ட் தொடரொன்றை வென்ற முதல் ஆசிய அணி என்ற பெருமைக்கு வழி திறந்தது இவ்வாட்டமே. தோல்வி உறுதியான போட்டியில் தளர்ந்த பந்துவீச்சுக்கு எதிராக ஆட்டமிழக்காது பெறும் 153 ஓட்டங்களுக்கும் இதற்கும் சராசரிக் கணக்கில் எள்ளளவும் வேறுபாடில்லை. இதனாற் பெரேரா சங்கக்காரவுக்கு நிகராவார் என்பதன்று. அவரை அவ்வரிசையிற் சேர்க்காதிருப்பதற்கு உரிய காரணம், அத்தகைய ஆட்டங்களை அவர் அடிக்கடி ஆடவில்லை என்பதே. 31 என்பது காரணமன்று.

சராசரியாளரின் இறுதி அரண் பிரட்மன். 52 டெஸ்ட், 80 இன்னிங்ஸ், 6996 ஓட்டங்கள், 99.94. 1948 இல் ஓவல் மைதானத்தில் ஹொலிஸின் பந்தில் ஓட்டமெதுவும் பெறாது வீழ்ந்தமையால் நான்கு ஓட்டங்களால் 100 தவறிய கதை யாவரும் அறிந்தது. ஆனால் பிரட்மனுக்கும் ஏனையோருக்கும் இடையிலுள்ள தூரத்தை எந்தக் கோலும் காட்டும். மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாட்டைக் காண நுண்கருவி வேண்டியதில்லை. 57 க்கும் 53 க்கும் இடையே தீர்ப்புக் கூறும் நுண்மை சராசரிக்கு உண்டு என்பது இதிலிருந்து எங்ஙனம் பெறப்படும்? 1932-33 இல் உடலை இலக்காகக் கொண்டு இங்கிலாந்து அணி பந்துவீசியபோது அதே பிரட்மனின் சராசரி 56.57 ஆகச் சரிந்தது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. மாறியது பந்துவீச்சேயன்றி ஆடியவர் அல்லர்.

0, 0, 200 எனப் பெறுபவரும் 60, 70, 70 எனப் பெறுபவரும் ஒரே சராசரி உடையர். நியம விலகலைக் கூறாது இடையை மட்டும் கூறும் மாணவனுக்குப் புள்ளிவிபரவியல் விரிவுரையாளர் புள்ளி வழங்கார். அவரே மாலையில் தேநீர்ச்சாலையில் அமர்ந்து லாராவைத் தள்ளிவைக்க 52.88 போதும் என்பார். 2001 இல் இலங்கைக்கு வந்து, முரளிதரனை எதிர்கொண்டு, மூன்று டெஸ்ட்களில் 688 ஓட்டங்கள் குவித்த லாராவைப் பற்றியே அவர் பேசுகின்றார். மூன்றிலும் மேற்கிந்தியத் தீவுகள் தோற்றது. பல்கலைக்கழக அனுமதியின்போது இசட் புள்ளியின் ஒரு தசமத்தானத்தால் வாயில் அடைபட்டோரை அறிந்த சமூகத்திலும் எண்ணின்மேல் இத்துணைப் பற்று நிலவுவது வியப்புக்குரியது.

எண்ணே பெறாதவர்களின் நிலை இன்னும் பரிதாபம். பேசில் டி ஒலிவேராவின் டெஸ்ட் சராசரி 40.06. நிறவெறி ஆட்சியினாற் தாய்நாடான தென்னாபிரிக்காவுக்கு ஆட முடியாது, இங்கிலாந்துக்குப் பெயர்ந்து, முதல் டெஸ்டை 1966 இல் அவர் ஆடியபோது முப்பது வயதைத் தாண்டியிருந்தார். அவரது இளமையின் ஓட்டங்கள் அந்த 40.06 இல் இல்லை. மகாதேவன் சதாசிவத்துக்கு அதுவுமில்லை. 1947 இல் சேப்பாக்கத்திலே தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் பெற்றவர். 1948 இல் கொழும்பில் பிரட்மனின் அணியை எதிர்த்த இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர். இலங்கை தன் முதல் டெஸ்ட் போட்டியை ஆடியது 1982 இல். சராசரி ஒன்றையே சான்றாக ஏற்போரின் பட்டியலிற் சதாசிவம் எங்கே நிற்பார் என்று கேட்டால், அவர் ஆடவேயில்லை என்றுதான் அவர்கள் விடையிறுத்தல் வேண்டும்.