லத்தீனுக்கு ட்யூஷன், தமிழுக்கு டாட்டா

முதலிலேயே ஒரு டிஸ்கி: இந்தப் பதிவில் நிறையத் திட்டு இருக்கிறது. முதல் திட்டு எனக்குத்தான். அதனால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் மகள் பள்ளிக்கூடம் போவதில்லை. 2020-ல் கொரோனா வந்தபோது வீட்டில் உட்கார்ந்தாள், பிடித்துப்போய்விட்டது, அப்படியே தொடர்கிறது. இங்கிலாந்தில் இதற்குத் தடை இல்லை. 1996-ம் வருடக் கல்விச் சட்டத்தின் 7-ம் பிரிவு, பிள்ளைக்குப் பொருத்தமான கல்வி தருவது பெற்றோர் பொறுப்பு என்கிறது. அதைப் பள்ளியில்தான் தர வேண்டும் என்று சொல்லவில்லை. தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்ற வேண்டிய கட்டாயமும் கிடையாது. அறிவியலும் ஆங்கிலமும் தங்கமணி பார்த்துக்கொள்கிறார். கணக்கு என் பொறுப்பு. (பி.காம் படித்துவிட்டு பேங்கில் ஆணி பிடுங்குகிறவனுக்கு வேறென்ன தெரியும்?)

இதில் லத்தீன் எங்கிருந்து வந்தது? யாரும் கேட்கவில்லை, நாங்களாக வாங்கிக்கொண்டது. எங்களைப் போல வீட்டில் படிக்கவைக்கிற குடும்பங்கள் மாதம் ஒருமுறை கூடுவோம். அதில் ரெண்டு மூன்று பிள்ளைகள் லத்தீன் படித்தார்கள். உடனே நமக்குக் கை அரிக்குமே! இங்கே லத்தீன் என்றால் பெரிய இடத்துச் சமாச்சாரம். 2021-ல் அரசாங்கமே அதை ஒப்புக்கொண்டது. 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு லத்தீன் சொல்லிக்கொடுக்கிற அரசுப் பள்ளிகள் 2.7 சதவீதம், தனியார் பள்ளிகள் 49 சதவீதம் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். இதைச் சரிக்கட்ட 40 லட்சம் பவுண்டில் ஒரு திட்டம் போட்டு, 2025 பிப்ரவரியில் பணம் இல்லை என்று நிறுத்தியும் விட்டார்கள். அப்பேர்ப்பட்ட பாடத்தை என் பொண்ணு படிக்கிறாள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை. மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து ஆன்லைனில் ஒரு ட்யூஷன் வைத்தேன்.

ஆறே மாதத்தில் அழுகை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. நோட்டில் புயெல்லா, புயெல்லம், புயெல்லாய் என்று அட்டவணை. சிறுமி என்ற ஒரு சொல்லுக்கு இத்தனை வால். மகள் பென்சிலை விட்டெறிந்தாள். "வார்த்தை கடைசியில ஏம்பா மாறிக்கிட்டே இருக்கு? இங்கிலீஷ் மாதிரி ஒழுங்கா வரிசையா வெச்சா என்ன?" (இதை அவள் கேட்டது ஆங்கிலத்தில். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவே.)

பதில் தெரியாமல் முழித்தேன். நல்லவேளையாக அப்போது ஊரிலிருந்து அம்மாவின் வீடியோ கால். அங்கே விடிகாலை. "அம்மிணி, இன்னும் தூங்கலியா கண்ணு? நான் இப்பத்தான் மாட்டுக்குத் தண்ணி குடுத்தேன்" என்றார். மகளுக்குப் புரிந்தது. தலையாட்டிச் சிரித்தாள்.

எனக்குத்தான் பொறி தட்டியது. 'மாட்டுக்கு' என்பதில் அந்த 'க்கு' எதற்கு? அதுவும் வால்தானே! ட்யூஷன் புத்தகத்தை எடுத்து, சொல் சொல்லாகத் தேடி, பக்கத்தில் எழுதினேன்: வக்காய் அக்வம் தெதி. வக்காய் என்றால் மாட்டுக்கு. அக்வம் என்றால் தண்ணீரை. தெதி என்றால் கொடுத்தேன். மூன்று சொல்லுக்கு மூன்று சொல். அதே வரிசை. அம்மா 'நான்' என்று சொல்லாமல் விட்டிருந்தாலும் யார் கொடுத்தது என்று தெரியும், 'ஏன்' சொல்லிவிடுகிறது. லத்தீனிலும் அப்படியே, தெதி என்பதன் கடைசி 'இ' சொல்லிவிடுகிறது. தண்ணியில் நாம் 'ஐ' வைப்பதில்லை, மறைந்திருக்கிறது. அக்வம் என்பதில் 'ம்' வெளியே தெரிகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அடுத்த நாள் இன்னொன்று. நாய் மனிதனைக் கடிக்கிறது. மனிதனை நாய் கடிக்கிறது. மாற்றிப் போட்டாலும் கடிப்பது நாய்தான். லத்தீனிலும் கனிஸ் ஹோமினெம் மோர்தெட், ஹோமினெம் கனிஸ் மோர்தெட், எப்படிச் சொன்னாலும் பல் நாயுடையது. ஆங்கிலத்தில் இடம் மாற்றிப் பாருங்கள், மனிதன் நாயைக் கடித்துவிடுவான். அவள் கேட்ட 'ஏன் மாறுகிறது'க்கு இதுதான் பதில். வால் இருப்பதால் வரிசை தேவையில்லை.

இன்னும் இருக்கிறது. 'அமாபிட்' என்றால் நேசிப்பான் அல்லது நேசிப்பாள். அமா, பி, ட். நேசி, ப்ப், ஆள். பகுதி, இடைநிலை, விகுதி! பள்ளியில் தமிழய்யா பிரம்போடு நின்று பிரிக்கச் சொன்ன அதே பகுபதம். கேள்விக்கு நாம் 'ஆ' சேர்க்கிறோம், அவர்கள் 'நெ' சேர்க்கிறார்கள். வேற்றுமை அவர்களுக்கு ஆறு, நமக்கு எட்டு.

இது என் கண்டுபிடிப்பும் இல்லை. வீரமாமுனிவர், அதாவது இத்தாலிக்காரர் பெஸ்கி, பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் இலக்கணம் எழுதினார். அது 1738-ல் தரங்கம்பாடியில் அச்சாகியது. லத்தீன் வழியாக வெள்ளைக்காரப் பாதிரிமார் தமிழுக்கு வந்தார்கள். அதே பாலத்தில் நம் பிள்ளைகள் எதிர்ப்பக்கம் நடக்க முடியாதா?

முடியும். ஆனால் என் மகளால் முடியவில்லை. காரணம் நான்தான். அவளுக்கு நாலு வயதாக இருந்தபோது ஒரு நர்சரியில், "வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், ரெண்டு மொழி என்றால் குழந்தை குழம்பும்" என்றார்கள். தங்கமணி ஒத்துக்கொள்ளவில்லை. நான் ஒத்துக்கொண்டேன். அதிலிருந்து வீட்டில் ஆங்கிலம். எட்டு வருடம் கழித்து, காசு கொடுத்து லத்தீன்! எங்கள் பாஷையில் சொன்னால், வீட்டிலிருக்கும் ஃபிக்சட் டெபாசிட்டை உடைத்து வீசிவிட்டு, வெளியே கூடுதல் வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறேன். வேறு யாராவது இப்படிச் செய்தால் கவுன்டரிலேயே திட்டியிருப்பேன்.

இப்போது கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன்.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா. தங்கமணி இடுக்கி, மூணாறு எஸ்டேட் லயத்தில் பிறந்தவர். 1956 நவம்பர் 1-ல் மாநிலம் பிரித்தபோது கன்னியாகுமரிப் பக்கத்துத் தாலுகாக்கள் அந்தப் பக்கம் போயின. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் எல்லாம் கேரளத்தோடு நின்றன. எல்லைக்கோடு எங்கள் தாத்தாக்களைக் கேட்டுப் போடப்படவில்லை.

எங்கள் ஊரில் 'லத்தீன்' என்றால் மொழி இல்லை, சபை. "அவிய லத்தீன்காரிய" என்றால் அந்தப் பள்ளிக்குப் (பள்ளி என்றால் சர்ச்) போகிற தமிழர்கள் என்று அர்த்தம். 2013 டிசம்பரில் கோவை, கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்துப் பாலக்காட்டில் சுல்தான்பேட்டை என்று தனி லத்தீன் மறைமாவட்டமே வந்தது. அங்கே பூசை நடப்பது தமிழில்.

அந்த ஊர்ப் பிள்ளை ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். வீட்டில் தமிழ். பஸ்ஸில், ரேஷன் கடையில், தாலுகா ஆபீசில் மலையாளம். பள்ளியில் தமிழோடு மலையாளம், ஆங்கிலம், இந்தி. 2017-ல் வந்த சட்டம் கேரளப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கிவிட்டது. லயத்தில் படிக்கிற பிள்ளைக்கு ட்யூஷன் கிடையாது, டேப்லெட் கிடையாது. அம்மா காலையில் கொழுந்தெடுக்கப் போய்விடுவார். அந்தப் பிள்ளை நாலு மொழியைச் சுமக்கிறது. என் மாமியார் அப்படித்தான் பிள்ளைகளை வளர்த்தார். 2015 செப்டம்பரில் மூணாறில் தோட்டத் தொழிலாளப் பெண்கள் போனஸுக்காக நடுரோட்டில் உட்கார்ந்தார்களே, பெம்பிளை ஒருமை என்று, அவர்கள் சேனல் மைக் முன்னால் தமிழிலும் மலையாளத்திலும் வெளுத்து வாங்கினதைப் பார்த்தீர்களா? யார் குழம்பினார்கள்?

அங்கேயும் தமிழை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையை மலையாள மீடியத்திலோ ஆங்கில மீடியத்திலோ போடுகிறார்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வராது. கவர்மென்ட் வேலை வேண்டும், ஆபீசில் நாலு வார்த்தை எழுத வேண்டும். வயிற்றுப்பாடு. லண்டனிலும் துபாயிலும் டாலஸிலும் உட்கார்ந்திருக்கிற நமக்கு என்ன வயிற்றுப்பாடு? பிள்ளை தமிழ் பேசினால் யாராவது சம்பளத்தைப் பிடிக்கிறார்களா? நமக்கு இருந்தது கூச்சம். அதற்குக் 'குழப்பம்' என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

நண்பர் ஒருவர் கேட்டார்: "அப்போ தமிழ் என்ன லத்தீனுக்கு ஏணியா? லத்தீன் வேண்டாம் என்றால் தமிழும் வேண்டாமா?"

நல்ல கேள்வி. ஏணி இல்லை. லத்தீனை நாளைக்கே நிறுத்தினாலும் அப்பத்தாவோடு பேச அவளுக்குத் தமிழ் வேண்டும். எட்டு வருடமாக எங்கம்மா ஃபோனில் "சாப்பிட்டியா கண்ணு", "தூங்குனியா கண்ணு" என்ற ரெண்டு கேள்வியோடு நின்றுவிட்டார். அதற்கு மேல் கேட்டால் பதில் ஆங்கிலத்தில் வரும், அவருக்குப் புரியாது. அந்த நஷ்டம் எந்தக் கணக்கிலும் வரவில்லை. லத்தீன் அழுகை வந்ததால்தான் நான் கணக்குப் புத்தகத்தையே திறந்தேன்.

இப்போது என்ன செய்கிறோம் என்று கேட்பவர்களுக்கு:

1. அட்டவணை மனப்பாடத்தைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்தோம். முதலில் தமிழ் வாக்கியம், பேச்சுத் தமிழிலேயே. வாலை மட்டும் வெட்டித் தனித் துண்டுச்சீட்டில் எழுதுகிறாள்.

2. அதே வாக்கியத்தை லத்தீனில் தேடுகிறாள். எந்த வாலுக்கு எந்த வால் என்று சீட்டை ஜோடி சேர்க்கிறாள். கடைசியில்தான் அட்டவணை.

3. ஞாயிற்றுக்கிழமை வாக்கியம் தருவது அப்பத்தா. அஞ்சாங்கிளாஸ் தாண்டாத எங்கம்மாதான் இப்போது லத்தீன் வாத்தியார். தேங்காய் போட்டது, கோழி களவுபோனது எல்லாம் பாடம்.

4. வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் தமிழ் மட்டும். (முதல் வாரம் மகா அமைதி. உப்பு வேண்டும் என்றுகூட யாரும் கேட்கவில்லை.)

மாயமந்திரம் ஒன்றும் நடக்கவில்லை. மனப்பாடம் செய்ய வேண்டியதைச் செய்துதான் ஆக வேண்டும். லத்தீனில் மேசைகூடப் பெண்பால், அங்கே நம் அஃறிணை உதவாது. வாரத்தில் ஒருநாள் இன்னும் மூக்கை உறிஞ்சுகிறாள். ஆனால் போன வாரம் அவளாகவே ஒன்று கேட்டாள். லத்தீனில் பணத்துக்கு 'பெகூனியா' என்று பெயர், அது மாடு கன்றைக் குறிக்கிற 'பெகுஸ்' என்ற சொல்லிலிருந்து வந்ததாம், தமிழில் எப்படி என்று. பழந்தமிழில் மாடு என்றாலே செல்வம் என்றும் பொருள் உண்டு என்றேன். உடனே ஃபோனைப் பிடுங்கி, "அப்பத்தா, நம்ம மாடு... பணம்!" என்றாள். தமிழில். இலக்கணம் பார்த்தால் பாஸ் மார்க் கூடத் தேறாது.

எங்கம்மா சொன்னார்: "பின்னே என்ன அம்மிணி, அதை வித்துத்தானே உங்கப்பனை பி.காம் படிக்க வெச்சேன்."

மகள் அதை முழுசாகப் புரிந்துகொண்டாள். எனக்கு மொழிபெயர்க்க வேலை இல்லை.

ட்யூஷனுக்குக் காசு கட்டுங்கள், தப்பில்லை. அதற்கு முன்னால் இன்று ராத்திரி உங்கள் அம்மாவுக்கு ஒரு ஃபோன் போட்டு, பிள்ளை கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் எழுந்து வெளியே போய்விடுங்கள்.