தடியைக் கடைசியாகத் தரும் கலை

நாயாற்றுப் பாலத்துக்குக் கிட்ட, விடியப்புறம் ஆறு மணிக்கு நாங்கள் அஞ்சாறு பேர் முழங்காலைக் கொஞ்சம் மடித்து, ஒரு மரத்தைக் கட்டிப்பிடிக்கிற மாதிரிக் கையை முன்னால் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்போம். வீச்சுவலையோடு போற ஐயா ஒருவர் முதல் கிழமை நின்று பார்த்துவிட்டு, "என்ன பிள்ளையள், நேர்த்தியோ?" எண்டு கேட்டார். விசயத்தைச் சொன்னதும் பக்கத்தில் நின்ற அண்ணை, "சீனாக்காரன்ர கடலட்டைப் பண்ணை காணாதெண்டு இப்ப அவன்ர அடியும் வேணுமோ?" என்றார். அண்டைக்கு எல்லாரும் சிரிச்சதுதான்.

மூன்றாவது பேச்சுக்குச் சிரிக்க முடியேல்லை. எங்களில் ஒருவரின் வீட்டு மூலையில் ஒரு நீளத்தடியும் மர வாளும் சாத்தி வைத்திருந்தோம். அம்மம்மா அதைக் கண்டுவிட்டு, "அதை வளவுக்கு வெளியில கொண்டுபோய் வை மோனை. இந்த மண்ணில ஆயுதம் பாத்தது காணும்" என்றா. 1984 இல் இந்தக் கரையை விட்டு ஓடினவ, 2004 இல் கடல் வந்ததைக் கண்டவ, 2009 இல் என்ன கண்டா எண்டு நாங்கள் கேட்டதே இல்லை. அப்படிப்பட்ட ஒருவருக்கு "இது சும்மா உடற்பயிற்சி அம்மம்மா" எண்டு சொல்லித் தப்பிக்க எங்களுக்கு மனம் வரேல்லை. ஏனெண்டால் அது பொய். நாங்கள் பழகுவது ஒரு சண்டைக்கலை. அதில் வாள் இருக்கிறது, ஈட்டி இருக்கிறது. ஆனாலும் இந்த மண்ணில் அதைப் பழகலாம், பழகவேண்டும் எண்டு நினைக்கிறோம். ஏன் எண்டு சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கலையைப் பற்றி. தாய்ச்சி எண்டதும் பூங்காவில் வயசானவர்கள் மெதுவாகக் கையசைக்கிற படம்தான் ஞாபகம் வரும். அதன் வேர் சீனாவின் ஹெனான் மாகாணத்தில் உள்ள சென் குடும்பத்தின் கிராமம். பதினேழாம் நூற்றாண்டில் அங்கிருந்த சென் வாங்திங் என்ற போர்வீரர் காலத்தில் அது உருவாகத் தொடங்கியதாக வரலாற்றாளர்கள் சொல்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாங் லூசான் என்பவர் அந்த ஊரில் படித்து பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார். அவருடைய பேரன் யாங் செங்ஃபு (1883–1936) அதை மெதுவாக்கி, அகலமாக்கி, பொதுமக்கள் எவரும் செய்யக்கூடிய வடிவத்தில் பரப்பினார். 2020 இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் அதைச் சேர்த்தது.

இதை 'உள்முறை'க் கலை என்பார்கள். தசையை முறுக்கி அடிக்காமல், உடம்பைத் தளர்த்தி, நிலத்தில் ஊன்றிய காலிலிருந்து பலத்தை எழுப்பி, இடுப்பால் திருப்பி, கையால் வெளியே விடுவதுதான் அடிப்படை. கேட்கும்போது மந்திரம் மாதிரி இருக்கும். ஆனால் நாயாற்றில் இருக்கிற எங்களுக்கு இது புதுசில்லை. வீச்சுவலை எறியிறவரைப் பாருங்கோ. கைப்பலத்தால் எறிந்தால் வலை கட்டியாகத்தான் விழும். கை தளர்ந்திருக்க, இடுப்புத் திரும்ப, வலை வட்டமாக விரியும். ஆழமில்லாத களப்புக்குள் நீளக்கோலை ஊன்றி வள்ளத்தைத் தள்ளுகிறவருக்கும் அதுதான். கோலைத் தள்ளுவது கையல்ல, கால். தாய்ச்சியில் மூன்று மீற்றர் நீளக் கோலை வைத்துச் செய்யிற பயிற்சி ஒன்று இருக்கிறது. அதன் காணொளியை முதல்முறை பார்த்தபோது எங்களில் ஒருவன், "இது எங்கட அப்பு களப்பில செய்யிறதெல்லோ" என்றான்.

இனி ஆயுதத்துக்கு வருவோம். தாய்ச்சியில் முக்கியமாக மூன்று: ஒரு பக்கக் கூர் கொண்ட வளைந்த வெட்டுவாள், இரு பக்கமும் கூரான நேர்வாள், ஈட்டி. கம்புக்கு ஒரு மாதம், வெட்டுவாளுக்கு ஒரு வருசம், ஈட்டிக்கு ஒரு ஆயுள் எண்டு சீனப் போர்க்கலையாளர் மத்தியில் ஒரு சொல்வழக்கு உண்டு. ஆனால் அந்தக் கணக்குத் தொடங்குவதற்கு முன்னாலேயே வேறொரு கணக்கு இருக்கிறது. முதலில் அசையாமல் நிற்கப் பழகவேண்டும். பிறகு வெறுங்கைத் தொடர். பிறகு 'தள்ளுகை'. அதாவது இரண்டு பேர் எதிரெதிரே நின்று, கையோடு கை தொட்டபடி, மற்றவர் எந்தப் பக்கம் தள்ளப்போகிறார் என்பதைத் தோலால் உணர்ந்து, எதிர்க்காமல் வழிவிட்டு, அவருடைய நிலையைக் குலைப்பது. மரபாகப் படிப்பிக்கிற ஆசிரியர்கள் பொதுவாக இதற்குப் பிறகுதான் வாளைக் கையில் தருவார்கள்.

எங்களுக்குச் சொல்லித்தருகிற அக்கா கொழும்பில் சில வருசம் பழகினவ. மாசத்தில் ஒருக்கா வாறா. மூலையில் சாத்தியிருந்த தடியும் மர வாளும் அவவுடையவை. நாங்கள் தொடங்கி ஒரு வருசத்துக்கு மேலாகிறது, இன்னும் தொடவிடேல்லை. ஒருக்கா மட்டும் மர வாளைக் கையில் தந்து நீட்டச் சொன்னா. இந்த நேர்வாளின் நிறை ஒரு கிலோகூட வராது. ஆனால் நுனி நடுங்கிக்கொண்டே நின்றது. "பிடியை இறுக்கிற அளவுக்கு நுனி நடுங்கும். கோபம், பயம் எல்லாம் அதில தெரியும். முதல்ல தோளை இறக்கப் பழகுங்கோ" எண்டு சொல்லித் திரும்ப வாங்கிவிட்டா. அண்டைக்குக் கொஞ்சம் கோபம் வந்தது உண்மை.

அந்தக் கோபத்தை யோசித்துப் பார்த்தபோதுதான் எங்களுக்கு விசயம் பிடிபட்டது. ஆயுதம் கையில் வந்தவுடன் ஆள் பெரிசாகிவிட்ட மாதிரி ஒரு எண்ணம் வரும். எங்கட வடக்கில் வாள்வெட்டுக் குழுக்களின் செய்தி வராத காலம் குறைவு. அதில் பிடிபடுகிறவர்கள் எங்கட வயசுப் பெடியள். இரும்புத் தகட்டில் ஒரு வாள் செய்ய ஒரு பின்னேரம் காணும். தோளை இறக்கப் பழக ஒரு வருசம் காணாது. நாங்கள் பழகுகிற கலையோ ஆயுதத்தைத் தள்ளிப்போடுகிறது. தள்ளிப்போடுகிற அந்தக் காலத்துக்குள், ஆயுதம் கேட்டு வந்த ஆளையே மாற்றப் பார்க்கிறது. கடைசியில் வாள் கைக்கு வரும்போது வெட்டவேண்டும் எண்ட அவசரம் குறைந்திருக்கும். குறையாதவருக்கு நல்ல ஆசிரியர் வாள் தரமாட்டார்.

தடியையே எடுக்காதே எண்டு சொல்வதும் ஒரு வழிதான். அம்மம்மாவின் வழி அது, அவவுக்கு அந்த உரிமை இருக்கிறது. ஆனால் தடை செய்த பொருளில்தான் பெடியளுக்கு ஆசை கூடும். ஒளித்து வைத்த வாளைவிட, ஊர் பார்க்க, ஒழுங்கோடு, ஒருவர் பொறுப்பில் பழகுகிற தடி பாதுகாப்பானது எண்டு நாங்கள் நம்புகிறோம்.

"அதுக்கு ஏன் சீனாவுக்குப் போவான், எங்கட சிலம்பம் இருக்குத்தானே?" எண்டு கேட்பவர்களும் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. சிலம்பத்திலும் கம்பு சுழற்றுவதற்கு முன்னால் காலடியை, 'சுவடு' எண்டு சொல்கிற அடிவைப்பைப் பழகவேண்டும். குத்துவரிசை என்ற வெறுங்கைப் பகுதியும் அதன் கூடப்பிறந்தது. கேரளத்துக் களரியிலும் முதலில் மெய்த்தாரி, அதாவது உடம்பு. பிறகு கோல், பிறகு இரும்பு. வடக்கன் முறையில் வெறுங்கைச் சண்டை எல்லாவற்றுக்கும் கடைசி. ஆக, ஆயுதத்துக்கு முன் உடம்பு என்ற பாடம் சீனாவுக்கு மட்டும் சொந்தமில்லை. நாங்கள்தான் மேடைக்கு அவசரப்பட்டு அதை விட்டுவிடுகிறோம். பரிசளிப்பு விழாவுக்கு இரண்டு மாசத்தில் நெருப்புப் பந்தம் சுழற்றப் பழக்கிவிடுகிறோம், நிற்கப் பழக்குவதில்லை.

சீனாவும் தமிழும் இந்தத் தீவில் சந்தித்தது நேற்று இன்றைக்கல்ல. தளபதி செங் ஹோ காலியில் நிறுவிய, 1409 ஆம் ஆண்டு குறித்த கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழியில் இருக்கிறது. கொழும்பு அருங்காட்சியகத்தில் போய்ப் பார்க்கலாம். கிழக்கில், விசேசமாக முஸ்லிம் ஊர்களில், கலியாணத்திலும் பெருநாளிலும் ஆடுகிற ஆட்டத்துக்குச் 'சீனடி சிலம்படி' எண்டு பெயர். சிங்கள ஊர்களிலும் 'சீனடி' என்ற பெயர் வழங்குகிறது. பேரிலேயே சீனம் இருக்கிற ஒரு அடிமுறை இந்தத் தீவின் மூன்று சமூகத்துக்கும் தெரிந்திருக்கிறது. பிறகு எதை 'எங்கட', எதை 'அவங்கட' எண்டு பிரிக்கிறது?

2011 இல் 'ஏழாம் அறிவு' வந்தபோது சின்னப்பிள்ளைகளாக இருந்த எங்களுக்கு, குங்ஃபூவே தமிழன் கொடுத்தது எண்டு ஒரே பெருமை. ஆனால் போதிதர்மரைச் சாவோலின் சண்டைக்கலையோடு இணைக்கிற கதையின் வேர் பதினேழாம் நூற்றாண்டு நூல் ஒன்றில் இருக்கிறது. அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் வருசத்துக்கு மேல் பிந்திய நூல் அது. தாய்ச்சிக்கும் இப்படி ஒரு கதை உண்டு. சாங் சான்ஃபெங் என்ற தாவோ துறவி உண்டாக்கினார் என்பார்கள். இரண்டு கதைகளையும் கேள்வி கேட்டவர் தாங் ஹாவ் (1897–1959) என்ற சீன ஆய்வாளர். அவர் சென் கிராமத்துக்கே போய்ப் பழைய பத்திரங்களைத் தேடிப் பார்த்தார். தன் நாட்டுப் பெருமைக் கதையைத் தானே சோதித்துப் பார்க்கிற அந்தத் துணிவைத்தான் நாங்கள் சீனாவிடமிருந்து முதலில் படிக்கவேண்டும்.

அவர்களிடம் படிக்க இன்னொன்றும் இருக்கிறது. 1956 இல் சீன அரசின் விளையாட்டுத்துறை யாங் முறையைச் சுருக்கி 24 நிலைகள் கொண்ட ஒரு தொடரை ஆக்கியது. செய்து முடிக்க அஞ்சாறு நிமிசம். ஆழம் போய்விட்டது எண்டு மரபாளர்கள் குறைப்படுவார்கள், அதிலும் உண்மை இருக்கிறது. ஆனாலும் கோடிக்கணக்கானோருக்கு அதுதான் வாசல். நடுக்குவாத நோயாளர்களின் சமநிலைக்குத் தாய்ச்சி உதவுகிறது எண்டு 2012 இல் ஒரு பெரிய மருத்துவ இதழில் ஆய்வு வந்தது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே செய்கிற வடிவமும் உண்டு. ஒரு காலை இழந்தவர்கள் இத்தனை பேர் வாழ்கிற முல்லைத்தீவில் இது சின்ன விசயமில்லை. சண்டைக்கலை எண்டால் இருபது வயசுப் பெடியனுக்கு மட்டும் எண்ட நினைப்பை முதலில் மாற்றவேண்டும்.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். ஊரில் சிலம்படி, சீனடி தெரிந்த முதியவர்கள் எவராவது மிஞ்சியிருந்தால், அவர்கள் காலடி வைக்கிற விதத்தை இப்பவே காணொளியில் பதிந்து வைப்போம். 2024 தையில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தது நல்ல சேதி. ஆனால் பதக்கத்துக்கு வெளியிலும் அதற்கு ஒரு வாழ்க்கை வேண்டும். பள்ளிக்கூடத்திலோ சனசமூக நிலையத்திலோ பழக்குவதாக இருந்தால், நிற்பதில் தொடங்குங்கோ. பெண் பிள்ளைகளை முன்வரிசையில் விடுங்கோ. வயசானவர்களுக்கும் கதிரை போடுங்கோ.

தடியையும் வாளையும் அம்மம்மா சொன்னபடி வளவுக்கு வெளியில்தான் வைத்திருக்கிறோம். அவவோடு வாதாடி வெல்ல எங்களுக்கு விருப்பமில்லை. போன கிழமை முழங்கால் நோவுக்கு ஏதும் செய்யலாமோ எண்டு அவவே கேட்டா. கதிரையில் இருந்தபடி கையைத் தூக்கி இறக்கக் காட்டிக் கொடுத்தோம். "இதுக்குப் பேர் சண்டையோ?" எண்டு கேட்டுவிட்டுத் தொடர்ந்து செய்தா.

சனிக்கிழமையில் விடிய ஆறு மணிக்கு வாங்கோ. தடி கொண்டுவர வேண்டாம். முதல் வருசம் அது தேவைப்படாது.