கரண்டு சைக்கிளுக்கு வீட்டு வைத்தியம்

வாங்கும் நாளில் விலை வண்டிக்கு. அதற்குப் பிறகு கொடுப்பதெல்லாம் பாட்டரிக்கு. மின்சார சைக்கிள் வைத்திருப்பவர்கள் இரண்டு மூன்று வருடத்தில் கற்றுக்கொள்ளும் கணக்கு இது. கணக்குப் புரிந்ததும் பலர் வண்டியைத் திண்ணையோரம் சாய்த்துவிடுகிறார்கள். அதன் மேல் முதலில் துணி காயும், பிறகு தேங்காய் மட்டை குவியும்.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊர்களுக்கு இந்த வண்டி அளவெடுத்துச் செய்தது போன்றது. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு முதலிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. பேச்சில் இன்றும் எல்லைக்கோடு தெளிவாக விழவில்லை. ஆனால் நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பற்றி இரு பக்கத்துக்காரர்களுக்கும் ஒரே அபிப்பிராயம்தான். செம்மண் மேடு, உடனே ஒரு சரிவு, மறுபடி மேடு. சாதாரண சைக்கிளில் பாதித் தூரம் சவட்ட வேண்டும், மீதித் தூரம் தள்ள வேண்டும். களியக்காவிளைச் சந்தைக்குப் போய் வர லைசென்ஸ் கேட்காத, பெட்ரோல் கேட்காத ஒரு வண்டி இங்கே ஆடம்பரம் இல்லை.

லைசென்ஸ் கேட்காததற்குக் காரணம் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது. மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குக் கீழே, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே இருந்து, முறைப்படி சோதிக்கப்பட்டு அங்கீகாரமும் பெற்றிருந்தால் அது மோட்டார் வாகனமே அல்ல. பதிவு எண் இல்லை, வரி இல்லை, மாநில எல்லையில் கேள்வி இல்லை. பட்டறையில் கொடுத்து வேகத்தைக் கூட்டிக்கொள்பவர்கள் இந்தச் சலுகையை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள். விபத்து நடந்தால் பதிவும் இன்சூரன்ஸும் இல்லாத மோட்டார் வாகனத்தை ஓட்டியவர் என்ற நிலைதான் மிஞ்சும்.

வண்டியை விற்றவர்கள் எங்கே என்பது அடுத்த சங்கடம். மத்திய அரசு 2010 நவம்பரில் மின்சார இருசக்கர வாகனங்களுக்கு மானியம் அறிவித்தது. 2012 மார்ச்சோடு அது நின்றதும் விற்பனை சரிந்தது. சிறிய கம்பெனிகள் பல காணாமல் போயின. பெரிய பெயருக்கும் உத்தரவாதம் இல்லை. ஹீரோ எலெக்ட்ரிக் நிறுவனத்தின் மீது 2024 டிசம்பரில் திவால் நடவடிக்கை தொடங்கியது. இத்தனைக்கும் நெய்யாற்றின்கரையை அடுத்த ஆறாலுமூட்டில் 1978-ல் தொடங்கப்பட்ட கேரள அரசின் ஆட்டோ தொழிற்சாலை, 2019-ல் 'நீம் ஜி' என்ற மின்சார ஆட்டோவையே வெளியே கொண்டுவந்தது. பக்கத்திலேயே மின்சார ஆட்டோ தயாராகிற ஊரில் பழைய கரண்டு சைக்கிளைத் தொட ஆள் தேட வேண்டியிருக்கிறது. சைக்கிள் கடைக்காரர் ஒயரைப் பார்த்துப் பயப்படுகிறார். மிக்ஸி ரிப்பேர் செய்பவரோ சக்கரத்தைக் கண்டு தயங்குகிறார்.

ஆகவே வீட்டு வைத்தியம். தேவை ஒரு மல்டிமீட்டர், ஸ்பானர்கள், கொஞ்சம் பொறுமை.

வண்டி ஓடவில்லை என்றதும் எல்லோரும் மோட்டார் போய்விட்டது என்கிறார்கள். மோட்டார்தான் கடைசியாகப் போகிற சாமான். முதலில் பார்க்க வேண்டியது பிரேக் பிடி. பிரேக்கை அழுத்தினால் மோட்டாருக்குக் கரண்டை நிறுத்தும் சின்ன சுவிட்ச் அதற்குள் இருக்கிறது. மழைத் தண்ணீர் இறங்கி அது ஒட்டிக்கொண்டால், யாரோ எப்போதும் பிரேக் பிடித்திருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும். விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், சக்கரம் மட்டும் அசையாது. இரண்டு பிடிகளிலிருந்தும் வரும் சுவிட்ச் இணைப்பைக் கழற்றிவிட்டுப் பின் சக்கரத்தைத் தூக்கி ஓட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்படும். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று இரண்டு பருவம் நனைகிற ஊரில் இதைப் பார்க்காமல் மோட்டாரைக் கழற்றுவது வீண் வேலை. பொழியூர், பூவாறு பக்கமானால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். இணைப்புகளில் பச்சைப் பூத்திருந்தால் பாட்டரியைக் கழற்றிவிட்டு, சுரண்டிச் சுத்தம் செய்து, இறுக்கிப் பொருத்த வேண்டும்.

அடுத்தது பாட்டரி. நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். பழைய வண்டிகளில் பெரும்பாலும் 12 வோல்ட், 12 ஆம்பியர்-மணி ஈய அமில பாட்டரிகள் மூன்றோ நான்கோ ஒன்றன் பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும். ஒன்று நான்கு கிலோ. அந்தக் கோவையில் ஒன்று நோயாளியானால் மற்றவையும் படுத்துவிடும். மொத்த வோல்ட்டை மட்டும் அளந்தால் நோயாளி மறைந்துகொள்வார். முழுக்க சார்ஜ் செய்து, சில மணி நேரம் ஆறவிட்டு, ஒவ்வொன்றையும் தனியாக அளக்க வேண்டும். 12.7-க்கு மேல் காட்டினால் சுகம். 12-க்குக் கீழே என்றால் சந்தேகம்.

ஓய்வில் இருக்கும்போது எல்லாப் பாட்டரியும் நல்ல பிள்ளைதான். வேலை கொடுத்துப் பார்த்தால்தான் சுபாவம் தெரியும். கார் ஹெட்லைட்டின் 55 வாட் பல்பு ஒன்றை ஒவ்வொரு பாட்டரியிலும் தனித்தனியாக அரை மணி நேரம் எரியவிட்டு வோல்ட்டைக் கவனித்தால் போதும். (பல்பு கையைச் சுடும். குழந்தைகளைத் தள்ளி நிறுத்துவது நல்லது.) நல்ல பாட்டரி 12 வோல்ட்டை ஒட்டி நிற்கும். கெட்டது சில நிமிடங்களில் பத்தரைக்குச் சரியும். கெட்டதை மட்டும் மாற்றினால் செலவு குறையும் என்று தோன்றும். ஆனால் புதியது முழுக்க நிறைவதற்குள் பழையவை கொதிக்கும், பழையவை காலியான பிறகும் புதியது இழுத்துக்கொண்டிருக்கும். சில மாதங்களில் மறுபடி கடைக்குப் போக வேண்டியதுதான். மாற்றினால் மொத்தமாக மாற்றுவதே சிக்கனம்.

பாட்டரியைக் கொல்வது பெரும்பாலும் ஓட்டம் அல்ல, சும்மா நிற்பது. காலியான ஈய பாட்டரியை அப்படியே விட்டால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். மகன் வளைகுடாவுக்குப் போய்விட்டான், சைக்கிள் கொட்டகையில் நிற்கிறது என்றால் மாதம் ஒரு முறையாவது சார்ஜ் போட வேண்டும். செலவு பயமுறுத்துவதில்லை. மூன்று பாட்டரி வண்டி ஒரு முறை நிறைய அரை யூனிட்டைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே.

பாட்டரியும் பிரேக் சுவிட்சும் சரியாக இருந்தும் ஓடாவிட்டால் கண்ட்ரோலரா மோட்டாரா என்ற வழக்கு எழும். தீர்ப்புச் சொல்ல மீட்டர்கூடத் தேவையில்லை. பாட்டரியைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். விட்டு விட்டுப் பிடித்து இழுப்பது போல் கனமாகச் சுற்றினால், மோட்டாரிலிருந்து வரும் மூன்று தடித்த ஒயர்களையும் கண்ட்ரோலரிலிருந்து பிரித்து, ஒன்றையொன்று தொடாமல் வைத்து, மறுபடி சுற்ற வேண்டும். இப்போது லேசாகச் சுற்றினால் குற்றவாளி கண்ட்ரோலர். அப்போதும் கனம் என்றால் மோட்டார் சுருளிலோ ஒயரிலோ பழுது. அச்சின் ஓட்டை வழியாக ஒயர் உள்ளே நுழையும் இடத்தில் அறுந்திருப்பதும் உண்டு. சக்கரம் நடுங்கிக்கொண்டு திக்கித் திணறி ஓடினால் மோட்டாருக்குள் இருக்கும் மூன்று ஹால் சென்சார்களில் ஒன்றில் கோளாறு இருக்கலாம். சக்கரத்தை மெதுவாகச் சுற்றும்போது ஒவ்வொரு மெல்லிய ஒயரிலும் வோல்ட் 0-க்கும் 5-க்கும் இடையே மாறி மாறி வர வேண்டும். மாறாத ஒயரின் சென்சார்தான் இறந்தது. அதை மாற்ற ஈயம் வைத்துப் பற்றவைக்கத் தெரிந்த கை வேண்டும். தனுவச்சபுரம் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்த பையன் தெருவில் ஒருவன் இருந்தால் அவனைக் கூப்பிடுவதில் கௌரவக் குறைவு இல்லை.

பியூஸ் போனால் செப்புக் கம்பி சுற்றும் பழக்கம் வீட்டு மெயினிலிருந்து சைக்கிளுக்கும் வந்திருக்கிறது. வீட்டிலும் தப்பு, இங்கேயும் தப்பு. பிரேக் கட்டை, ஸ்போக், டயர் எல்லாம் சாதாரண சைக்கிள் கடை வேலைதான். ஆனால் கூடுதலாகப் பன்னிரண்டு, பதினாறு கிலோ சுமந்து சரிவில் இறங்குகிற வண்டிக்கு பிரேக் கட்டை சீக்கிரம் தேயும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

லித்தியம் பாட்டரி இருக்கும் வண்டிக்கு வைத்தியம் இதுவரை சொன்னதில் பாதிதான் பொருந்தும். ஈய பாட்டரியின் சார்ஜரை அதில் மாட்டவே கூடாது. பின் பொருந்துகிறது என்பது அனுமதி ஆகாது. வேலூரில் 2022 மார்ச்சில் வீட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நடந்த தொடர் தீவிபத்துகளுக்குப் பிறகே மின்சார மோட்டார் வாகன பாட்டரிகளுக்கான பாதுகாப்பு விதிகள் டிசம்பரிலிருந்து கடுமையாயின. அதற்கு முந்தைய பழைய பாட்டரியைப் படுக்கை அறையிலோ வாசல் நடையிலோ வைத்து இரவு முழுக்க சார்ஜ் போடுவது விஷப்பரீட்சை. உப்பினாலோ, இனிப்பு வாடை அடித்தாலோ, தொட்டால் சுட்டாலோ சார்ஜரைப் பிடுங்கி, வெளியே திறந்த இடத்தில், எரிகிற பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாமல் வைக்க வேண்டும். பிரித்துப் பார்க்கும் ஆசை அங்கே ஆகாது.

செத்த ஈய பாட்டரியை ஆக்ரிக் கடையில் எடைக்குப் போடுவது எளிது. அங்கே உடைத்து அமிலத்தை மண்ணில் கொட்டினால் அது அடுத்த வீட்டுக் கிணற்றுக்குத்தான் போகும். கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற ஊர் இது. 2022-ன் பாட்டரிக் கழிவு விதிகள் பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. புதிது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக் கேட்கலாம். தயங்கினால் அடுத்த கடை இருக்கிறது, எல்லைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ.