தச்சு வாங்கில் ஒரு கொக்கி

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் வசிக்கும் தாயார் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகனுக்கு வயது பதினைந்து. விடுமுறையிலே, பாட்டனார் விட்டுச்சென்ற உளிகளையும் கொட்டாப்புளியையும் தேடியெடுத்துப் புத்தகத் தட்டு ஒன்று செய்யத் தொடங்கினானாம். மூன்றாம் நாள் உளி வழுக்கி இடக்கைச் சுட்டுவிரலில் இறங்கிவிட்டது. ஐந்து தையல். "ஆயுதங்களை யாருக்காவது கொடுத்துவிடலாமா, அல்லது பிள்ளை ஆசைப்படுகிறானே என்று விட்டுவிடலாமா?" என்று தாயார் கேட்கிறார். உளிகள் இப்போது அலுமாரியின் உச்சியில், மகன் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றனவாம். பதினைந்து வயதுப் பையனுக்கு எட்டாத உயரம் எது என்பது நமக்கு விளங்கவில்லை.

நாம் ஒரே ஒரு கேள்வியைத்தான் திருப்பிக் கேட்டோம்: உளி இறங்கியபோது மரத்தைப் பிடித்திருந்தது எது? இடக்கை என்று பதில் வந்தது. நாம் எதிர்பார்த்ததும் அதுவே. ஆகவே தாயாருக்கு நம் மறுமொழி இது: உளியைக் கொடுத்துவிட வேண்டாம். மரத்தைப் பிடிக்கும் வேலையிலிருந்து அந்த இடக்கையை விடுவித்துவிடுங்கள். விரல் ஆறும்வரை பொறுத்திருங்கள்; ஏற்புவலித் தடுப்பூசி போட்டாயிற்றா என்பதை மாத்திரம் இன்றே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கூரான உளி சொன்ன சொல் கேட்கும்; மழுங்கிய உளிதான் பலத்தைக் கேட்கும். பலம் கொடுத்துத் தள்ளும்போது அது வழுக்கினால் எங்கே போய் நிற்கும் என்பது உளிக்குத் தெரியாது. இரண்டு கைகளும் உளியின் வாய்க்குப் பின்னால் இருந்தால், அது எங்கே போனாலும் கையில் படாது. ஆனால் இரண்டு கைகளும் பின்னால் இருக்கவேண்டுமானால் மரத்தை வேறெதுவோ பிடித்துக்கொள்ள வேண்டும். தச்சுவேலையில் பாதி இந்தப் பிடிப்பைப் பற்றிய யோசனைதான்.

நம் நாட்டுப் பழைய தச்சர்கள் இதற்குக் காலை உபயோகித்தார்கள். தரையில் அமர்ந்து, பலகையின் ஒரு முனையைப் பாதத்தால் அழுத்தி, மறுமுனையைக் கட்டைவிரலிடுக்கில் நிறுத்தி, உளியைத் தம்மை விட்டு அப்பால் செலுத்துவார்கள். கொட்டாஞ்சேனையின் குறுக்குத் தெரு ஒன்றில் நாம் சிறுவனாய் இருந்த காலத்தில் அப்படி ஒரு முதியவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குப் பிந்தியதுண்டு. கம்மாலைப் பிடி இறுக்க மட்டுமே அறியும். அவருடைய பாதமோ எப்போது இறுக்குவது, எப்போது தளர்த்துவது என்பதையும் அறிந்திருந்தது. இதைக் குறைவான முறை என்று யாரேனும் சொன்னால் நாம் ஒப்பமாட்டோம். ஆயினும் அந்தப் பாதம் ஐந்து வயதிலிருந்து பழகிய பாதம். கதிரையில் அமர்ந்தே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அது ஒரு விடுமுறையில் வந்துவிடாது.

கதிரை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு ஆகிய நான்கும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். மேசைக்கு உள்ளேயிருக்கும் லாச்சி ஒல்லாந்தருடையது. 1656இல் கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர், கொட்டாஞ்சேனைக்கு அருகே மேட்டின்மேல் 1749இல் வுல்வெண்டால் தேவாலயத்தைக் கட்டத் தொடங்கி, 1757இல் அதைப் பிரதிட்டை செய்தார்கள். அவர்கள் காலத்துப் பழங்கதிரைகளை இன்றும் அங்கே காணலாம்.

அதே 1757ஆம் ஆண்டில் இத்தாலியில் ஒரு பெரிய சித்திரப் புத்தகத்தின் முதற்பாகம் வெளிவந்தது. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை மூடிவிட்ட எர்க்குலேனியம் நகரத்தைத் தோண்டியெடுத்தபோது கிடைத்த சுவர் ஓவியங்கள் அதிலே அச்சிடப்பட்டிருந்தன. ஓர் ஓவியத்திலே சிறகு முளைத்த இரண்டு குழந்தைகள் தச்சுவேலை செய்கின்றன. அவர்கள் அறுக்கும் பலகையை அசையாமல் வைத்திருப்பது, வேலை வாங்கின் துளையில் செருகப்பட்ட ஓர் இரும்புக் கொக்கி. 1678இல் இலண்டனில் மொக்சன் என்பவர் வெளியிடத் தொடங்கிய கைத்தொழில் நூலிலும், 1769இல் பாரிஸில் ரூபோ என்ற தச்சர் எழுதத் தொடங்கிய பெருநூலிலும் அதே கொக்கி இருக்கிறது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக உருவம் மாறவில்லை. நாம் சொல்லவந்த பொருளும் அதுதான்.

இதற்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'ஹோல்ட்பாஸ்ட்'. அந்தப் பெயரைச் சொல்லி இரும்புக்கடையில் கேட்கும் வாசகர் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். கட்டட வேலைக்காரர் கதவு நிலையைச் சுவரோடு இறுக்கும் இரும்புப் பட்டைக்கும் அதே பெயர். கடைக்காரர் அதை எடுத்து நீட்டிவிடக்கூடும். ஆகையால் நாம் இதைக் கொக்கி என்றே அழைப்போம். குடைக் கைப்பிடியைத் தலைகீழாக எண்ணாமல் நேராக எண்ணிக்கொள்ளுங்கள்: ஓர் அடிக்குச் சற்று மேற்பட்ட நேர்க்கம்பி, மேலே வளைந்து பக்கவாட்டில் ஏழெட்டு அங்குலம் நீண்டு, நுனியில் நாக்குப்போலத் தட்டையாகிக் கீழ்நோக்குகிறது. அவ்வளவே. திருகு இல்லை, வில் இல்லை, ஆணி இல்லை. துளையில் இறக்கி, நாக்கை மரத்தின்மேல் வைத்து, வளைவின் தலையில் ஓர் அடி, மரம் அசையாது. கம்பியின் பின்புறம் ஒரு தட்டு, விட்டுவிடும்.

திருகில்லாமல் எப்படி இறுகுகிறது? வீட்டிலே லாச்சியை ஒரு பக்கக் குமிழை மாத்திரம் பிடித்து இழுத்துப் பாருங்கள். கோணிக்கொண்டு நின்றுவிடும், எவ்வளவு பலமாக இழுத்தாலும் வராது. ஒரு மூலை முன்னாலும் எதிர்மூலை பின்னாலும் முட்டிக்கொள்வதே காரணம். நம் கொக்கியும் அதைத்தான் செய்கிறது. கம்பி துளையைவிடச் சற்று மெலிந்தது. தலையில் அடித்ததும் நாக்கு மரத்தில் ஊன்றிக்கொள்ள, கம்பி சாய்ந்து, துளையின் மேல்விளிம்பில் ஒரு பக்கமும் கீழ்விளிம்பில் எதிர்ப்பக்கமும் முட்டுகிறது. உராய்வு அதை ஏறவிடாது. வளைந்த கரமோ அடியினால் சிறிது வளைந்து, திரும்பி நிமிர முயன்றுகொண்டே மரத்தை அழுத்திக்கொண்டிருக்கிறது. நம்மை எரிச்சலூட்டும் லாச்சியின் குணம் இங்கே ஊழியம் செய்கிறது.

இதை அறிந்தவர்க்குச் செய்முறையில் பாதி தானாகவே விளங்கிவிடும். துளை மிகவும் இறுக்கமாயிருந்தால் கம்பி சாயாது. மிகவும் அகன்றிருந்தால் அளவுக்குமேல் சாய்ந்து வழுக்கும். 3/4 அங்குலத் துளைக்கு அதைவிட அங்குலத்தில் 1/16 பங்கு மெலிந்த கம்பி நன்று. முதலில் கொக்கியை வாங்குங்கள், பிறகு துளையிடும் அலகை வாங்குங்கள். மாற்றிச் செய்து வருந்தியவர்களை நாம் அறிவோம். பழைய சோனகத் தெரு இரும்புக்கடைகளில் மெல்லிரும்புக் கம்பி கிடைக்கும். உலை வைத்திருக்கும் கொல்லரிடம் ஒரு சித்திரம் வரைந்து கொடுத்தால் வளைத்து, நுனியைத் தட்டித் தருவார். வளைவு ஒரே கம்பியில் ஆகவேண்டும். இரண்டு துண்டுகளை ஒட்டவைத்தது அடி தாங்குமா என்பது ஒட்டியவரின் கையைப் பொறுத்தது.

வாங்கின் மேற்பலகை இரண்டரை முதல் நான்கு அங்குலத் தடிப்பு இருப்பது நல்லது. ஓர் அங்குலப் பலகையில் இரண்டு விளிம்புகளும் மிக நெருங்கிவிடுவதால் பிடி நிலைக்காது. அப்படியானால் துளை வரும் இடத்தில் கீழ்ப்புறம் ஒரு கட்டையைப் பசையிட்டுத் திருகி, இரண்டையும் ஊடுருவத் துளையிடலாம். நான்கு அங்குலத்துக்கு மேற்பட்டால் சில கொக்கிகள் கடிக்க மறுக்கும். அப்போது துளையின் அடிப்பகுதியைச் சற்று அகலப்படுத்த வேண்டும். தேக்கோ பலாவோ முதிரையோ வேண்டும் என்பதில்லை. மொறட்டுவைப் பக்கத்து மரவேலைத்தலங்களில் மிஞ்சும் தடித்த துண்டுகளைச் சேர்த்து ஒட்டியும் மேற்பலகை செய்யலாம்.

துளை செங்குத்தாக இறங்கவேண்டும். துளைக்கருவியின் அருகே மூலைமட்டத்தை நிறுத்தி, இன்னொருவரைப் பக்கத்திலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஊழியத்துக்குத் தங்கைமார் மிகவும் ஏற்றவர்கள், அண்ணனின் பிழையைச் சொல்வதில் தயக்கம் காட்டமாட்டார்கள். அலகின் கூர்முனை கீழே எட்டிப்பார்த்ததும் நிறுத்தி, மறுபுறத்திலிருந்து முடித்தால் விளிம்பு சிராயெழாது. இவை எல்லாவற்றுக்கும் முன்பு, அதே தடிப்புள்ள வீண்துண்டு ஒன்றில் ஒரு துளையிட்டுக் கொக்கி கடிக்கிறதா என்று பாருங்கள்.

எத்தனை துளைகள்? ஆரம்பத்தில் இரண்டு. வாங்கு முழுவதும் சல்லடைபோலத் துளைத்துவிட்டு, பாதியை ஒருநாளும் தொடாதவர்களே அதிகம். வாங்கின் கால்களும் குறுக்குச் சட்டங்களும் கீழே எங்கே இருக்கின்றன என்று குனிந்து பார்த்துக் குறியிடுங்கள். கரத்தின் நீளம் எட்டு அங்குலமானால் இரு துளைகளுக்கு இடையே பதினைந்து அங்குலமளவு விட்டால், நடுவில் எட்டாத இடம் இராது. உளிவேலை செய்யும் துளையை வாங்கின் காலுக்கு அண்மையில் வைத்தால் அடி வீணாகாது.

உபயோகிக்கும்போது நாக்குக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு தோல்துண்டோ வீண்பலகையோ வைக்கவேண்டும். இல்லையேல் நல்ல மரத்தில் கொக்கியின் தழும்பு நிரந்தரமாகிவிடும். கழுந்துக்கு உரிய குழியை வெட்டும்போதும், வாளால் அறுக்கும்போதும் இதைவிடச் சிறந்த துணை இல்லை. சீவுளி ஓட்டும்போது மாத்திரம் கொக்கி குறுக்கே நிற்கும். அதற்கும் வழி உண்டு. பலகைத் துண்டு ஒன்றின் முனையில் மான்குளம்பு போல ஒரு முக்கோண வெட்டு வெட்டி, அந்த வெட்டை மரத்தின் பின்மூலையில் முட்டவைத்து, அத்துண்டின்மேல் கொக்கியை இறுக்குங்கள். முன்னால் ஒரு தடுப்புக் கட்டை இருந்தால், சீவப்படும் மரத்தின் முகம் முழுவதும் திறந்திருக்கும்.

இனித் தொடர்மாடியின் சங்கடம். கொக்கிக்கு ஓர் அடி, அல்லது இரண்டு அடி போதும்; கொட்டாப்புளியின் முந்நூறு அடிகளே கீழ்வீட்டுக்காரரின் மத்தியான உறக்கத்தைக் குலைப்பவை. வாங்கின் கால்களுக்குக் கீழே தடித்த இறப்பர்த் துண்டுகளை வைத்தால் சத்தம் ஓரளவு குறையும்; அடியோடு நிற்கும் என்று நாம் சொல்லமாட்டோம். நிலமாடியில் ஒரு மூலை கிடைத்தால் வாங்கை அங்கே கொண்டுபோவதே நேர்மையான யோசனை. கிடைக்காவிட்டால் பையனே கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, எந்த நேரம் இடைஞ்சல் இல்லை என்று கேட்டுவரட்டும். கைக்குழந்தை உள்ள வீடு என்றால், கொக்கியை விட்டுத் திருகுக் கிளாம்பை உபயோகிக்க வேண்டிய நாட்களும் வரும்.

கடைசியாகக் கடற்காற்று. புகையிரதப் பாதைக்கு அப்பால் கடலை வைத்துக்கொண்டு வாழும் வெள்ளவத்தையில் இரும்பு துருப்பிடிக்காமல் இராது. துருவைக் கண்டதும் தேங்காயெண்ணெய் பூசத் தோன்றும். உளிக்கு எண்ணெய் பூசுங்கள், சீவுளியின் அலகுக்கும் பூசுங்கள். கொக்கியின் கம்பிக்கு ஒருபோதும் பூசவேண்டாம். எண்ணெய் பட்ட கம்பி அடிக்க அடிக்க வழுக்கும். மணற்கடதாசியைக் கம்பியைச் சுற்றிப் பிடித்து, குறுக்குவாட்டில் தேய்த்தால் துருவும் போகும், கடிக்கும் சொரசொரப்பும் வரும். வழுவழுப்பான புதுக் கொக்கி பிடிக்க மறுத்தாலும் இதுவே வைத்தியம்.

விரல் ஆறியபின், முதல் துளையை இடும் நாளில் தாயாரும் அருகில் நின்று பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். உளிகளை அலுமாரியின் உச்சியிலிருந்து இறக்கும்போது அவற்றின் வாய்கள் தீட்டப்பட்டு எத்தனை காலமாயிற்று என்பதையும் பார்த்து எழுதினால், சாணைக்கல்லைப் பற்றி அடுத்த வாரம் பேசுவோம்.